தறிக் கணக்குச் செயலி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வயது 29. சோழிங்கநல்லூரில் மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் 2021 ஆகஸ்ட் 1 முதல் வேலை செய்கிறேன். சொந்த ஊர் சோமனூர் பக்கம். அப்பா 12 விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். பாவு (தறியில் ஏற்றும் நூல்) வந்த கணக்கு, துணி போன கணக்கு, மீட்டருக்கு இவ்வளவு கூலி என்று எல்லாம் நோட்டில் கிடந்தது. அவருக்காக 2023 பொங்கல் லீவில் ஒரு செயலி எழுதத் தொடங்கினேன். இன்று 60 தறிக்காரர்கள் மாதம் ரூ.200 கட்டிப் பயன்படுத்துகிறார்கள். இப்போது திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு மென்பொருள் விற்கும் கோவை நிறுவனம் ஒன்று ஆஃபர் கொடுத்து, 30 நாளில் சேரச் சொல்கிறது. பிப்ரவரி 9 அன்று ராஜினாமா கொடுத்தேன். இங்கே நோட்டீஸ் 90 நாள். செயலி விஷயம் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. "அது கம்பெனிக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர்" என்கிறார். சில ராத்திரிகள் ஆபீஸ் லேப்டாப்பில் அதற்கு வேலை செய்தது உண்மை. தொகையை எழுத்தால் எழுதும் ஒரு சின்ன ஃபங்ஷனை (நிரலின் ஒரு துண்டை) ஆபீஸ் கோடிலிருந்து எடுத்ததும் உண்மை. செயலியைப் பழைய தேதியில் அப்பா பெயருக்கு மாற்றி எழுதிவிடலாம் என்கிறார் நண்பர். என்ன செய்வது? (ஆர்., சென்னை)

பதில்: இரண்டு கம்பெனிகளின் தாள்களையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானோர் கதையை மட்டும் எழுதுவார்கள். நியமனக் கடிதத்தைக் கேட்டால் "வீட்டில் எங்கேயோ இருக்கும் சார்" என்பார்கள். வரி வரியாகப் படித்தேன். பழைய கம்பெனியை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது புதிய கம்பெனியின் தாள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மேனேஜர் நீட்டும் கடிதம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' வகையில் வருகிறது. எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. இதற்கு 17(சி) பிரிவில் ஒரு விலக்கு உண்டு: வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் போக்கில் எழுதியது முதலாளிக்குப் போகும். இதை உங்கள் மேனேஜர் 'வேலையில் இருந்த காலத்தில் எழுதியது' என்று படிக்கிறார். உங்களுக்குச் சம்பளம் கொடுத்தது மருத்துவமனை பில் போடும் மென்பொருளுக்காக. சோமனூரில் எத்தனை பாவு இறங்கியது என்று கணக்கு வைக்க அவர்கள் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. எனவே 17(சி)-யை மட்டும் வைத்து அவர்கள் நிற்க முடியாது.

ஆனால் நியமனக் கடிதத்தின் 14-வது ஷரத்து இன்னொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. கம்பெனியின் தொழிலோடு தொடர்புள்ளது 'அல்லது' கம்பெனி வளங்களைப் பயன்படுத்தி உருவாக்கியது, இரண்டுமே கம்பெனிக்கு என்கிறது. முதல் பாதி உங்களைத் தொடாது. இரண்டாவது தொடும், அந்த லேப்டாப்பால். அதற்காக இடிந்து போக வேண்டாம். பதிப்புரிமையை ஒருவர் மற்றவருக்கு ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு என்று அடையாளமும் காட்ட வேண்டும். இது 19-வது பிரிவு. 'இனி நீ எழுதும் எல்லாம்' என்ற பொத்தாம்பொதுவான வரியை வைத்துக்கொண்டு, 2021-ல் யாருக்கும் தெரியாத ஒரு தறிக் கணக்குச் செயலியைக் கேட்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. அதனால்தான் செயலியின் பெயரைப் போட்டு, இப்போது புதிதாக ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள். உரிமை ஏற்கெனவே கையில் இருந்தால் அந்தக் கடிதம் எதற்கு? கையெழுத்துப் போடாதீர்கள். "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வரி மெயில் போதும். வாக்குவாதம் வேண்டாம், காரணம் கீழே.

அந்தத் தொகையை எழுத்தால் எழுதும் ஃபங்ஷன் அவர்களுடையது. அதில் சந்தேகமே இல்லை. முப்பது நாற்பது வரிதானே என்று நினைப்பீர்கள். அளவு இங்கே பெரிய விஷயம் இல்லை. அனுமதியில்லாமல் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபித்தால் 66-வது பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஃபங்ஷனுக்காக உங்களை யாரும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் போலீஸில் ஒரு புகார் எழுத அது போதும். புகார் என்றதும் புதிய கம்பெனியின் எச்ஆர் பின்வாங்கிவிடும். இன்றைக்கே அதைச் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கம்பெனியின் கோடைப் பார்த்தே இராத ஒரு நண்பரை, தொகையை லட்சம், கோடி என்று எழுத்தாக்கும் ஃபங்ஷனைப் புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயத்தில் கிட் (Git) வரலாற்றை, அதாவது கோடில் எப்போது என்ன மாற்றினோம் என்ற பதிவை, அழிப்பார்கள், ஆபீஸ் லேப்டாப்பை ஃபார்மேட் அடித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். அழித்தது தெரிந்தால் சின்னத் தப்பு பெரிய சந்தேகமாகிவிடும். அதைவிட முக்கியம், அந்த வரலாறுதான் உங்கள் முதல் சாட்சி. 2023 ஜனவரியில் ஊரில் உட்கார்ந்து தொடங்கியது, பெரும்பாலான வேலை ராத்திரி 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் நடந்தது, எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொள்கிற 'சில ராத்திரிகள்' எத்தனை என்பதும் இருக்கும். அது சிலதான் என்று காட்டுவது உங்களுக்குத்தான் நல்லது.

சரி, வாக்குவாதம் ஏன் வேண்டாம்? 11-வது ஷரத்தில், எழுத்து அனுமதி இல்லாமல் சம்பளமோ லாபமோ வரும் வேறு வேலை செய்யக் கூடாது என்று இருக்கிறது. மாதம் ரூ.12,000 வசூல் என்பது அந்த ஷரத்தை மீறியதுதான். வேலையில் இருக்கும் காலத்துக்கு இப்படிக் கட்டுப்பாடு வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக அறிவித்தது நினைவிருக்கலாம். உங்களுடையது போட்டி வேலை இல்லை, குற்றமும் இல்லை. இருந்தாலும் நோட்டீஸ் காலத்திலும் நீங்கள் அவர்கள் ஊழியர்தான். 'ராஜினாமா' என்ற இடத்தில் 'பணிநீக்கம்' என்று வர ஏன் வழி செய்து கொடுக்க வேண்டும்? கடைசி நாள் வரை புதிதாக யாரையும் செயலியில் சேர்க்காதீர்கள்.

ரிலீவிங் லெட்டரைப் பணயமாக வைத்துக் கையெழுத்துக் கேட்பது முறையல்ல. கொடுக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குள் கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்: ராஜினாமாவை ஏற்ற மெயில், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் பாஸ்புக். வெளியேறிய தேதியை அவர்கள் பிஎஃப்பில் ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி 2 மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். கோவை நிறுவனத்திடமும் "லெட்டர் கொஞ்சம் தாமதமாகும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களாகத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்காது. கணக்கு முடிக்கும் பணத்துக்கு இப்போது கெடு உண்டு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாளில் கொடுக்க வேண்டும்.

90 நாள் விஷயத்தில் உங்கள் கடிதம் நல்ல கடிதம். '90 நாள் நோட்டீஸ், அல்லது அதற்கான அடிப்படைச் சம்பளம், இரு தரப்பில் எவரும்' என்கிறது. பல கம்பெனிகள் 'நிர்வாகத்தின் விருப்பப்படி' என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கும். உங்களுடையதில் அது இல்லை. எனவே பணத்தைக் கட்டிவிட்டுப் போகும் உரிமை உங்களுக்கும் உண்டு. அந்தப் பணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கேட்டால் கட்டாதீர்கள். இதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

ஆனால் அவசரப்பட்டு 30 நாளில் போகாதீர்கள். நீங்கள் கேட்காத ஒரு விஷயம் இது: பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. 5 ஆண்டு வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 4 ஆண்டு முடித்து ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் ஓர் ஆண்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் வார விடுமுறைகளையும் சேர்த்து எண்ணினால் உங்களுக்கு 240-வது நாள் மார்ச் 28. புதிய கம்பெனி சொல்லும் 30 நாள் மார்ச் 11-ல் முடிகிறது. வாரம் 5 நாள் இயங்கும் நிறுவனத்துக்கு 190 நாளே போதும் என்று சட்டத்தில் இருப்பதால் மார்ச் 11-லும் வாதாடலாம். வாதாடாமலே வாங்க முடியும் என்றால் அதுதானே நல்லது? அடிப்படைச் சம்பளம் ரூ.40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 ஆண்டுக்குப் பார்த்தால் சுமார் ரூ.1,15,384. பதினேழு நாள் பொறுத்தால் இந்தக் கேட்பு இன்னும் உறுதியாகும். ஏப்ரல் முதல் வாரத்தில் சேர்கிறேன் என்று கோவைக்குச் சொல்லிப் பாருங்கள்.

பழைய கம்பெனியின் கடிதத்தில் உள்ள 'விலகிய பிறகு 2 ஆண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்ற வரியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில் அது செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த பிறகு நீளும் கட்டுப்பாடு செல்லாது என்று மறுபடியும் சொன்னது. போதாததற்கு, நெசவும் மருத்துவமனையும் போட்டித் தொழில்கள் இல்லை. ரகசியம் காப்பது மட்டும் விலகிய பிறகும் தொடரும்.

நண்பரின் யோசனைக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். முத்திரைத்தாளை எந்தத் தேதியில் யாருக்கு விற்றார்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். பழைய தேதி போட்ட பத்திரம் பொய்ப் பத்திரம். சொந்தமாக எழுதிய ஒன்றைக் காப்பாற்றப் போய் நீங்கள் போலி ஆவணக் குற்றத்தில் மாட்டுவதா? இன்றைய தேதியில் அப்பாவுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சமயத்தில் அது தப்பி ஓடுவது மாதிரித்தான் தெரியும்.

இனி கோவை நிறுவனத்தின் ஒப்பந்தம். அதன் 8-வது ஷரத்து, 'அலுவலக நேரத்திலோ அதற்கு வெளியிலோ, எந்தக் கருவியிலோ உருவாக்கினாலும், நிறுவனத்தின் இன்றைய அல்லது வருங்காலத் தொழிலோடு தொடர்புள்ள எல்லாம் நிறுவனத்துக்கு' என்கிறது. பழைய கம்பெனிக்கும் உங்கள் செயலிக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் இதுவரை உங்கள் பலம். ஜவுளி மென்பொருள் விற்கும் இடத்துக்குப் போனதும் அந்தப் பலம் போய்விடும். இன்றைக்கு வரை எழுதிய கோட் உங்களுடையதுதான். ஆனால் சேர்ந்த மறுநாள் ஒரு பிழையைத் திருத்துகிறீர்கள், அடுத்த மாதம் ஒரு புதிய ரிப்போர்ட் சேர்க்கிறீர்கள். அதெல்லாம் யாருடையது? ஒரு வருஷத்தில் எது பழையது, எது புதியது என்று பிரிக்கவே முடியாமல் போகும். போதாக்குறைக்கு, உங்கள் 60 தறிக்காரர்களும் அவர்கள் நாளைக்குப் பிடிக்க நினைக்கும் வாடிக்கையாளர்களாக இருக்கலாம்.

அந்த ஒப்பந்தத்தின் கடைசியில் 'இணைப்பு அ: முந்தைய படைப்புகள்' என்று ஒரு காலிப் பக்கம் இருக்கிறதே, பார்த்தீர்களா? பலர் அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது செயலியின் பெயர், தொடங்கிய மாதம், என்ன செய்கிறது என்று இரண்டு வரி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம். கோடைக் காட்ட வேண்டாம். அதன் கீழே இன்னும் ஒரு வரி: 'இதற்கு இனி நான் செய்யும் திருத்தங்களும் மேம்பாடுகளும் 8-வது ஷரத்தில் சேராது, சொந்த நேரத்தில், சொந்தக் கருவியில் இதை நடத்த நிறுவனம் அனுமதிக்கிறது.' இதற்குச் சம்மதித்தால் சேருங்கள். 'திருத்தங்கள்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னால் பேரம் பேசுங்கள். தம்பியோ நம்பிக்கையான வேறொருவரோ செயலியை நடத்த, நீங்கள் கை வைக்காமல் ஒதுங்கி இருப்பது ஒரு வழி. அவர்களுக்கே விலைக்குக் கொடுப்பது இன்னொரு வழி. எனக்குக் கேட்டால், 60 பேர் மாதா மாதம் பணம் கட்டும் ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டேன்.

கோவை நிறுவனம் சேரும்போது தரும் ரூ.2 லட்சம் போனஸை, 18 மாதத்துக்குள் விலகினால் திரும்பத் தர வேண்டும் என்பது பெரும்பாலும் செல்லும். 3 ஆண்டுக்கு முன் விலகினால் ரூ.2 லட்சம் என்ற விஜயா வங்கியின் ஷரத்தை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது பொதுத்துறை வங்கியின் கதை என்றாலும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பது அதைவிடச் சுலபம். அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் வையுங்கள்.

செயலி வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிட்டரைப் பார்த்து, விட்டுப்போன ஆண்டுகளுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் (விட்டதைச் சேர்த்துத் திருத்திய கணக்கு) போடுங்கள், கூடுதல் வரியோடு. இது உங்கள் சொந்தத் தொழில் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தால், "அப்படியானால் வரி கட்டினீர்களா?" என்பதுதான் எதிர்த் தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

இணைப்பு அ-வில் கோவை எச்ஆரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, ஒரு பிரதியை சோமனூர் வீட்டு பீரோவில் வையுங்கள். ஆபீஸ் மெயிலில் மட்டும் வைக்காதீர்கள். விலகும் நாள் சாயங்காலம் அது உங்களுக்குத் திறக்காது.