பேட்டரி வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 24 வயது, 12 வயதிலிருந்து வலிப்பு. மூன்று மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டும் மாதத்துக்கு ஐந்தாறு தடவை வருகிறது. ஓசூர் கம்பெனி வேலையும் போய்விட்டது. கழுத்து நரம்பில் பேட்டரி வைத்தால் சரியாகும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "வலிப்பு அடியோடு நிற்குமா? மாத்திரையை விட்டுவிடலாமா? மாந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறோம்."

அம்மா, தோப்பு இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அந்தக் கருவி நல்ல கருவிதான். ஆனால் உங்கள் மகனுக்கு அதைவிடப் பெரிய பலன் தரக்கூடிய வேறொரு வழி இருக்கலாம். உங்கள் கடிதமே அதைச் சொல்கிறது. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வந்த வலிப்பு அரை மணி நேரம் நிற்கவில்லை என்கிறீர்கள். இப்போது வலிப்பு வருமுன் "வயித்துக்குள்ள என்னமோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறுது" என்பானாம். பிறகு கூப்பிட்டால் பதில் இல்லாமல், வாயை மென்றுகொண்டு சட்டைப் பொத்தானையே தடவிக்கொண்டிருப்பானாம். மூளையில் காதையொட்டி உள்ள டெம்போரல் மடல் என்ற பகுதியில், ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி தழும்பேறியிருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் இதைத் தேடிப் பார்க்காமல் பேட்டரிக்குப் போகக் கூடாது.

தழும்பு அங்கேதான் என்று உறுதியானால், அந்த இடத்தை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை செய்யலாம். கனடாவில் 80 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் அது 8 சதவீதம். பொருத்தமாக எடுத்த இரண்டு மருந்துகளுக்குப் பிறகும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது மருந்தால் முழுக்க நிற்பது அரிது. உங்கள் மகன் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டான். இத்தனை வருஷம் யாரும் இந்தப் பரிசோதனைக்கு அனுப்பவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான்கு வருஷத்துக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ நார்மல் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண எம்ஆர்ஐயில் இந்தத் தழும்பு தப்பிவிடுவது உண்டு. காந்த சக்தி கூடிய 3 டெஸ்லா மெஷினில், வலிப்புக்கென்றே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் முறையில் மறுபடி எடுக்க வேண்டும். அதோடு வீடியோ இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளையும் ஆளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் பரிசோதனை. சில நாள் அட்மிட் செய்து, மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும் நேரத்தில் மூளையின் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பதிவு செய்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையிலும் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. உங்களுக்கு நிம்ஹான்ஸ்தான் பக்கம். பாலக்கோட்டில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூர் வழியாகவே பெங்களூரு போய்விடலாம்.

வலிப்பு இரண்டு பக்கமும் தொடங்கினாலோ, எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாவிட்டாலோ, அகற்றினால் பேச்சோ ஞாபகமோ பாதிக்கும் என்றாலோ, அப்போதுதான் கருவி. கழுத்தின் இடது பக்கம் ஓடும் வேகஸ் நரம்பைச் சுற்றி மெல்லிய கம்பி. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பேட்டரி. வழக்கமாக 30 விநாடி மின்துடிப்பு, 5 நிமிடம் ஓய்வு, இரவும் பகலும். வைத்த அன்றே பலன் தெரியாது. இரண்டு வாரம் கழித்துத்தான் ஓடவிடுவார்கள், பிறகு மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஓரிரு வருஷத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியாகக் குறைகிறது. முழுக்க நிற்பது பத்தில் ஒருவருக்கும் குறைவு. மாத்திரை தொடர வேண்டும். துடிப்பு ஓடும்போது குரல் கரகரக்கும், இருமல் வரலாம். சில வருஷங்களில் பேட்டரி தீர்ந்தால் மறுபடி சின்ன ஆபரேஷன். அந்தச் செலவையும் இப்போதே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் கருவிக்கு இடம் உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கூடவே ஒரு காந்தம் தருவார்கள். வலிப்பு கிளம்புகிறது என்று தெரிந்ததும் மார்பில் பேட்டரி மேல் அதை ஒரு தடவை வீசி எடுத்தால் கூடுதல் துடிப்பு போகும். வயிற்றில் கிளம்புவது முன்பே தெரிகிற உங்கள் மகன் மாதிரியானவர்களுக்கு இது உதவும். அங்கேயே பிடித்து வைத்திருந்தால் துடிப்பு நின்றுவிடும். முதுகுவலி, தோள்வலி என்று போனால் பிசியோதெரபியில் டயதெர்மி என்ற சூடு சிகிச்சை வைக்கவே கூடாது, கம்பி சூடேறி நரம்பைச் சுட்டுவிடும். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் கருவி அட்டையை முதலில் காட்ட வேண்டும்.

மூளைக்குள்ளேயே, தாலமஸ் என்ற ஆழமான பகுதியில் கம்பி வைக்கும் முறைக்கு அமெரிக்கா 2018-இல் அனுமதி கொடுத்தது. 110 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் ஐந்தாவது வருஷம் வலிப்பு இடைநிலை (மீடியன்) கணக்கில் 69 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மூளைக்குள் கம்பி போவதால் ரத்தக்கசிவு அபாயம் சிறிதளவு உண்டு, மனச்சோர்வும் ஞாபகத் தொந்தரவும் சிலருக்கு வருகின்றன. இது உங்களுக்கு இன்று பேச வேண்டிய விஷயம் இல்லை.

போகும்போது பழைய எம்ஆர்ஐ ஃபிலிம், மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, மாத்திரை தவறியதா, ராத்திரி தூங்கினானா என்று இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். அடுத்த தடவை வரும்போது கையில் சாவியைத் திணிக்க ஓடாமல், வீட்டில் யாராவது ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், முகமும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி. எந்தக் கை விறைக்கிறது, எந்தக் கை பொத்தானைத் தடவுகிறது என்பதிலிருந்தே எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதுவரை மாத்திரையில் ஒன்றைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் அவனைத் தனியாக விடாதீர்கள்.