மூன்றில் ஒரு பங்கு மரணம் குறையுமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறேன். அடிபட்டு இரத்தம் போகிறவர்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற, இரத்தக்கட்டி கரையாமல் தடுத்து இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் இரத்தப்போக்கு மரணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று, பெரிய ஆய்வொன்றைக் காட்டி எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வந்தது. இதை எப்படி எடைபோடுவது? மருந்தைக் கிளினிக்கில் வாங்கி வைக்கலாமா?

பதில்: அச்செய்தி குறிப்பிடுவது, 2010இல் லான்செட் இதழில் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு. 40 நாடுகளைச் சேர்ந்த 20,211 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மருந்தும் கொடுத்தனர். யாருக்கு எது போகிறது என்பது சிகிச்சை அளித்தவர்களுக்கே தெரியாது. ஏறக்குறைய அனைவரின் முடிவும் பதிவாகியிருக்கிறது. நடத்திய விதத்தில் பெரிய குறை சொல்வதற்கில்லை. எச்சரிக்கை வேண்டியது எண்களை வாசிக்கும்போதுதான்.

ஆய்வு முதன்மையாகக் கேட்ட கேள்வி, காயம்பட்ட நான்கு வாரத்துக்குள் எந்தக் காரணத்தாலேனும் மருத்துவமனையில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது. வெற்று மருந்துப் பிரிவில் 16.0%, மருந்துப் பிரிவில் 14.5%. அதாவது, சுமார் 67 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். மலிவான மருந்துக்கு இது நல்ல பலனே. ஆனால் மூன்றில் ஒரு பங்கு அன்று. அந்தக் கணக்கு 2011இல் அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்ததிலிருந்து வந்தது. அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் இரத்தப்போக்கு மரணம் 7.7%இலிருந்து 5.3% ஆகவும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 6.1%இலிருந்து 4.8% ஆகவும் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்த பிறகோ 3.1%இலிருந்து 4.4% ஆகக் கூடியது. செய்தியை அனுப்பியவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வரியை விட்டுவிட்டார். எனக்கு அதுதான் பெரும் குறையாகப் படுகிறது. இவ்வாறு பின்னர் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வைப் பொதுவாகத் தயங்கித்தான் ஏற்க வேண்டும். எனினும் 2017இல் வெளிவந்த பிரசவ இரத்தப்போக்கு ஆய்விலும் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடமே பலன் தெரிந்ததால், நேரக் கணக்கை நான் நம்புகிறேன்.

அந்த நேரம் கிளினிக் வாசலில் தொடங்குவதில்லை. செம்பனைக் காட்டின் கடைக்கோடியில் டிராக்டர் கவிழ்ந்து, வெகுநேரம் கழித்தே ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டால், தூக்கி வந்த மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) ‘எத்தனை மணிக்கு அடிபட்டது?’ என்று கேட்டு, பதிலை மருத்துவமனைக்கான கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.

இரத்த வாந்தியோடு வருபவருக்கு இந்த ஆய்வு பொருந்தாது. குடல், இரைப்பை இரத்தப்போக்குள்ள 12,009 பேரிடம் நடந்த ஹால்ட்-ஐடி ஆய்வில் (2020) மரணம் குறையவில்லை. சிரைகளில் இரத்தக்கட்டி உருவாவது 0.4%இலிருந்து 0.8% ஆகக் கூடியது.

வாங்கி வைப்பதைத் தோட்டத்துக்கு வந்துபோகும் மருத்துவரோடும் நீங்கள் நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையோடும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். கிராஷ்-2இல் சேர்ந்தவர்கள் இரத்தமும் அறுவை சிகிச்சையும் கிடைக்கக்கூடிய மருத்துவமனைகளில் இருந்தவர்கள்; இரு பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. முதல் ஒரு கிராமை சிரை வழியே பத்து நிமிடத்தில் செலுத்த வேண்டியிருப்பதால், அதற்காக ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். காயத்தை அழுத்திக் கட்டி முதலில் வண்டியில் ஏற்றுங்கள்.