மூக்குக்குத் தெரிஞ்சத எழுதுங்க

கேள்வி: நான் அனுப்பின ஒயின் குறிப்புல 'எம்எல்எஃப் முழுசு, விஏ லேசா தூக்கல், ஆர்எஸ் 4, க்யூபிஆர் அருமை'ன்னு எழுதியிருந்தேன், போடாம திருப்பி அனுப்பிட்டீங்க. ஒயின் தெரிஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. தெரியாதவங்களுக்காக நாம ஏன் இறங்கி வரணும்?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இறங்கி வரச் சொல்லலங்க, நீங்க குடிச்சத எழுதச் சொல்றேன். அந்த நாலுல ஒண்ணுகூட ருசியைச் சொல்லல. எம்எல்எஃப்ங்கிறது ஒயின் செய்யுற எடத்துல நடக்குற வேலை, பாக்டீரியா மாலிக் ஆசிடை லாக்டிக் ஆசிடா மாத்துது, புளிப்பு தணியுது, சில சமயம் டைஅசிட்டைல் உண்டாகி வெண்ணெய் வாசம் வரும். அது முழுசா நடந்துச்சா பாதியில நிறுத்துனாங்களான்னு கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? உங்களுக்குத் தெரிஞ்சது வெண்ணெய் வாசமும் அடங்கின புளிப்பும், அதை எழுதியிருந்தாலே போதும். ஆர்எஸ் 4ன்னா லிட்டருக்கு 4 கிராம் மிச்ச சர்க்கரை, சரி, ஆனா புளிப்பு தூக்கலான ஒயின்ல அந்த 4 கிராம் இருக்குறதே தெரியாது. க்யூபிஆர்ங்கிறது குடுத்த விலைக்கேத்த தரம், விலையே போடாம அது அருமைன்னா எந்த விலைக்கு அருமை?

விஏ, அதாவது ஆவியாகி மூக்குல ஏறுற ஆசிட், அதுல தான் எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு. வினிகர் நெடியா, நெயில் பாலிஷ் ரிமூவர் நெடியா, குடிக்கலாமா திருப்பிக் குடுக்கணுமா, ஒண்ணுமே இல்ல. நம்ம பத்திரிகையை ஒயிட் டவுன் ரெஸ்டாரன்ட்ல சர்வ் பண்ற தம்பிங்க படிக்கிறாங்க, பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்குற சொல்தா வீட்டுல, பிரான்ஸ்ல இருந்து லீவுக்கு வந்த மாமா குடுத்த பாட்டிலை எப்பத் தொறக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கிறவங்க படிக்கிறாங்க. கார்க்ல டிசிஏங்கிற, ஒயினைக் கெடுக்குற வேதிப்பொருள் இருந்தா ஒயின்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அதை அப்படியே எழுதினா அந்தத் தம்பி மோந்து பாத்ததுமே வேற பாட்டில் கொண்டாந்துடுவாரு, டிசிஏன்னு மட்டும் எழுதினா கெட்டதையே ஊத்திட்டு கஸ்டமர்கிட்ட திட்டு வாங்குவாரு.

சாதாரணமா எழுதினா துல்லியம் போயிடும்னு நெனைக்காதீங்க. கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஆன் நோபிள் 1980கள்ல ஒயின் வாசனைங்களை வகை பிரிச்சு வட்டமா எழுதின வாசனைச் சக்கரம் உருவாக்குனாங்க, கிராம்பு, மிளகு, குடமிளகான்னு நெஜப் பொருளையே சாதா ஒயின்ல போட்டு மோந்து பாக்க வச்சுதான் பழக்குனாங்க. ஷிராஸ்ங்கிற ரெட் ஒயின்ல மிளகு வாசம்னு ரொம்ப காலமா எழுதிக்கிட்டு இருந்தாங்க இல்லையா, 2008ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதுக்குக் காரணம் ரோட்டண்டோன்ங்கிற வாசனைப் பொருள்னு காட்டுனாங்க, மிளகுல இருக்குறதும் அதே தான். பெரிய மார்க்கெட்ல மளிகை வாங்குற எந்த அம்மாவும் அந்த வாசத்தைச் சொல்லிடுவாங்க.

அப்புறம், நீங்க எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு, பாட்டில் எங்க கெடந்துச்சு? நம்ம ஊரு மே மாச வெயில்ல அலமாரியில வச்ச ரெட் ஒயின் வேகவச்ச பழம் மாதிரி ஆயிடும், கார்க் மேல தள்ளி நிக்கும், அப்புறம் செஞ்சவரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம். எங்க வச்சிருந்தீங்க, எவ்ளோ ஜில்லுனு ஊத்துனீங்க, என்ன விலை, இந்த மூணையும் சேத்து திருப்பி எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்லயே போடுறேன்.