ஊட்டி, குன்னூர் பக்கம் டேஸ்டிங் மெனு டின்னருக்கு ஆளுக்கு நாலாயிரம் கொடுப்பது வீண் செலவா?

உங்கள் கேள்வியின் விவரம் இது: பத்தாவது திருமண நாளுக்கு நீலகிரி வருகிறீர்கள். குன்னூரில் ஒரு ரெஸ்டாரன்டில் ஒன்பது கோர்ஸ் டேஸ்டிங் மெனு பார்த்திருக்கிறீர்கள். தட்டு பெரிதாக இருக்கிறது, அதில் இருப்பது இரண்டு வாய்க்குத்தான் வரும் போலிருக்கிறது. "வயிறு நிறையுமா? நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வயிறு நிறையும். வீண் செலவும் இல்லை. இதோடு நிறுத்தியிருப்பேன். 'நம்மைப் போன்றவர்கள்' என்று எழுதினீர்களே, அதைப் படித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

என் அப்பா எஸ்டேட் பங்களாக் குசினியில் வேலை பார்த்தவர். குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1969-இல், 17 வயதில், மேட்டியாகச் சேர்ந்தார். மேட்டி என்றால் குசினி எடுபிடி. விறகு பிளப்பது, கோழி சுத்தம் பண்ணுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவர் தலையில். அப்புறம் சமையலுக்கு வந்து, கடைசியில் பட்லர் ஆனார். 41 வருஷம்.

பெரிய துரை பங்களாவில் விருந்து என்றால் முதலில் சூப், பிறகு மீன், பிறகு ரோஸ்ட், பிறகு புட்டிங், அதற்கும் மேல் காரமாக ஒரு சின்ன டோஸ்ட் என்று ஐந்து சுற்று போகும். பன்னிரண்டு பேர் வந்தால் அறுபது தட்டு. எல்லாம் சூடாகப் போக வேண்டும். டிசம்பர் குளிரில் ஆறின தட்டில் ரோஸ்டை வைத்தால் மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடும். அதனால் தட்டுகளை அடுப்போரமாக அடுக்கிச் சூடேற்றி, ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் உணவை வைப்பாராம். இடது பக்கம் நின்று பரிமாற வேண்டும், வலது பக்கம் நின்று எடுக்க வேண்டும். கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று பொருள், பிரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார்கள். இதெல்லாம் எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டில் எவர்சில்வர் தட்டையும் ரெண்டு ஸ்பூனையும் வைத்து அப்பா காட்டுவார்.

அந்த 41 வருஷத்தில் அவர் ஒருநாள்கூட அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை, சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

நான் கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிறேன். போன நவம்பரில் அரியர்ஸ் கொஞ்சம் கைக்கு வந்தது. அப்பாவை ஒரு தடவையாவது உட்கார வைத்துப் பரிமாறச் சொல்ல வேண்டும் என்று பல வருஷமாக மனதில் இருந்தது. ஒரு பழைய பங்களாவை ரெஸ்டாரன்ட் ஆக்கியிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த பங்களா இல்லை, வேறு. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பீர்கள். ஆளுக்கு 3,800 ரூபாய். நாலாயிரத்தில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் அரிசி வரும் என்று யாரும் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். ரேஷன் அரிசியில் வளர்ந்தவள் நான், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் இலைக்கு இவ்வளவு என்று லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், பாதி இலை மூடி எறிகிறோம். அதை யாரும் வீண் என்று எழுதுவதில்லை.

அம்மா வரவில்லை. "எனக்குச் சோறும் குழம்பும் போதும், நீங்க போய்ட்டு வாங்க" என்றுவிட்டார். அப்பா என் கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

டேஸ்டிங் மெனு என்றால் நாம் எதையும் ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. செஃப் ஒரு வரிசை வைத்திருப்பார், அந்த வரிசையில் ஒன்று முடிந்த பிறகு அடுத்தது வரும். லேசானதில் ஆரம்பித்து கனமானதுக்குப் போய் இனிப்பில் முடியும். நம் இலையிலும் குழம்பு, ரசம், மோர் என்று வரிசை உண்டு. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி வைத்துத்தான் சாப்பிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது, அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்று பெயர். ஆக, பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது ஊட்டி வர்க்கி பிஸ்கட் துண்டின் மேல் காளான், ஒரே வாய். அடுத்தது சூப். அட்டையில் 'முல்லிகடானி' என்று போட்டிருந்தார்கள். அப்பா படித்துவிட்டு, "நம்ம மிளகுத்தண்ணி பாப்பா" என்றார். அந்தப் பெயரே மிளகுத்தண்ணீரிலிருந்து வந்ததுதான். பங்களாவில் பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கெட்டியாகச் செய்வாராம், இங்கே தெளிவாக, ரசம் மாதிரி இருந்தது. சென்னையில் 'அவர்தனா' என்ற ரெஸ்டாரன்டில் தக்காளி ரசத்தை காபி இறக்கும் கண்ணாடிக் குடுவையில் இறக்கித் தருகிறார்கள், அதுவும் இந்த மாதிரி மெனுவில் ஒரு சுற்றுதான். அதை யாராவது துரைமார் சாப்பாடு என்பார்களா? அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார். "மிளகைக் கடைசியிலதான் இடிச்சுப் போட்டிருக்காங்க, வாசனை நிக்குது. நல்ல கை" என்றார். அவர் அவ்வளவு எளிதில் யாரையும் 'நல்ல கை' என்று சொல்லிவிட மாட்டார்.

அப்போதுதான் மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்தார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்க. அப்பா எழுந்துவிட்டார். நாற்காலியை அரையடி பின்னால் தள்ளி, கையைக் கட்டி நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மேனேஜர் பதறிப்போய், "உக்காருங்க சார், நீங்க உக்காருங்க" என்றார். எனக்கு அடுத்த தட்டில் என்ன வந்தது என்றே சரியாக நினைவில்லை. பீட்ரூட், மேலே தாட்பூட் பழச்சாறு (பேஷன் ஃப்ரூட்), அவ்வளவுதான் ஞாபகம்.

நாலாவதாக அவரைக்கொட்டை வந்தது. இந்த மலையின் படகர் வீடுகளில் செய்கிற அவரை உதக்க என்ற குழம்பைச் சின்னக் கிண்ணத்தில், ராகி இட்டு, அதாவது களி, ஒரு உருண்டையோடு தந்தார்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் கீழ்நாட்டைவிட பயறு வேக நேரம் பிடிக்கும். குக்கரில் போட்டு அவசரப்படுத்தினால் தோல் கழன்றுவிடும். அந்தக் கிண்ணத்தில் ஒரு கொட்டைகூட உடையவில்லை, உள்ளே வெண்ணெயாக வெந்திருந்தது. பரிமாறிய பையன் கூடலூர்க்காரன். அவனிடம் அப்பா, "தம்பி, ராத்திரியே ஊறப் போட்டாங்களா?" என்று கேட்டார். அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஆமாங்க தாத்தா" என்றான். அதுவரை சார் என்று கூப்பிட்டவன்.

அந்தப் பையன் வலது பக்கமே நின்று பரிமாறிக்கொண்டிருந்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் தோளைக் கொஞ்சம் சாய்த்து அவனுக்கு இடம் விட்டார்.

ட்ரவுட் மீன் வந்தபோது அப்பா நிறையப் பேசினார். ட்ரவுட் இந்த மலையில் பிறந்த மீன் இல்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து ஓடைகளில் விட்டது. அவலாஞ்சியில் இன்றும் ட்ரவுட் பண்ணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துரை அந்தப் பக்கம் தூண்டில் போடப் போய், சாயங்காலம் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவாராம். முள் உடையாமல் முதுகெலும்பை ஒரே இழுப்பில் எடுக்க அப்பா பழகியது அந்த மீன்களில்தான். எத்தனையோ ட்ரவுட் சமைத்திருக்கிறார், ஒரு முழு மீனைச் சாப்பிட்டது அன்றுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். அப்பா 2010-இல் ரிட்டயர் ஆனார். அப்போது இருந்த 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வொரு வருஷ வேலைக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டு 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்து. கம்பெனி கொடுத்தது 16 மாதம் கழித்து, வட்டி இல்லாமல். லைன் வீட்டை மட்டும் ரெண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். நான் நர்ஸிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன், ஃபீஸ் கட்ட அம்மாவின் தோடு போனது. இன்று பழைய பங்களாக்களை ஹோட்டல் ஆக்குகிறவர்கள் சுவரில் துரைமார் போட்டோ மாட்டுகிறார்கள், புலித்தோலோடு, குதிரையோடு. குசினியில் நின்றவர்கள் போட்டோ ஒன்றையும் நான் பார்த்ததில்லை. 'பிளான்டர் வீட்டுப் பாரம்பரியச் சமையல்' என்று அட்டையில் போடுகிறார்கள். சமைத்தது பிளான்டரா? இந்த ஒரு விஷயத்தில் என்னோடு யாரும் வாதம் செய்ய வர வேண்டாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். இடையில் மரத்தக்காளி ஐஸ் ஒரு கரண்டி, நாக்கைச் சுத்தம் பண்ண. அடுத்து ஆட்டுக்கறி ரோஸ்ட், புதினா சாஸ். அப்பா தட்டின் விளிம்பைப் புறங்கையால் தொட்டார். ஆறியிருந்தது. கறி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரெண்டாவது துண்டிலேயே கொழுப்பு படிய ஆரம்பித்துவிட்டது. கேரமல் கஸ்டர்டைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, அப்பா செய்வது இதைவிட மேல். கடைசியில் டீ, கூடவே ஒரு சின்ன சாக்லேட். டீ பாட்டைச் சூடு பண்ணாமல் டீ போட்டிருந்தார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் ஏற்கெனவே 94 டிகிரிதான், ஆறின பாட்டில் ஊற்றினால் இன்னும் இறங்கிவிடும், தூளாக்காமல் சுருட்டிக் காயவைத்த ஆர்த்தடாக்ஸ் இலை சரியாக விரியாது. தேயிலை விளைகிற ஊரிலேயே டீயை இப்படிக் கொடுத்தால் மனசு கேட்கவில்லை.

மொத்தம் ரெண்டே முக்கால் மணி நேரம் ஆனது. வயிறு கனமாகத்தான் எழுந்தோம். ஒவ்வொன்றும் கொஞ்சம் என்றாலும் ஒன்பது கொஞ்சம் சேர்கிறது, நடுவில் பிரெட்டும் வெண்ணெயும் வேறு. அதனால் மத்தியானம் லேசாகச் சாப்பிடுங்கள், சாயங்காலம் பஜ்ஜி வேண்டாம். கறி, மீன் வேண்டாம் என்றாலோ, ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றாலோ புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. ஒயின் சேர்த்து ஒரு விலை சொல்வார்கள், அது கட்டாயம் இல்லை. வரி எவ்வளவு என்றும் கேளுங்கள்: தனி ரெஸ்டாரன்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அறை வாடகை 7,500-க்கு மேல் உள்ள ஹோட்டலுக்குள் இருந்தால் 18. எங்களுக்கு 7,980 வந்தது. நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். ராத்திரி திரும்பும்போது மெதுவாக ஓட்டுங்கள், பனிமூட்டத்தில் காட்டெருமை ரோட்டில் நிற்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு முள்கரண்டி பிடிக்கக் கூச்சம் என்றால் கையால் சாப்பிடட்டும். அப்பா ராகி இட்டைக் கையால்தான் சாப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பில் வந்த பிறகு செஃப் வெளியே வந்தார். முப்பது வயது இருக்கும். அப்பா 41 வருஷம் பங்களாக் குசினியில் இருந்தவர் என்று நான் சொன்னதும், "உள்ள வர்றீங்களாய்யா?" என்று கேட்டார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், செஃப் தடுத்துவிட்டார். உள்ளே பளபளவென்று எஃகு மேசைகள். தட்டு ஆறியிருந்ததைப் பற்றி அப்பா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தட்டு சூடாக்குகிற மெஷின் ரெண்டு நாளாக ரிப்பேர் என்றார் செஃப். "அதுக்கென்ன, கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்துத் துணியால துடைச்சாப் போதும், பத்து நிமிஷம் நிக்கும்" என்று அப்பா ஒரு தட்டை எடுத்துச் செய்தே காட்டினார். செஃப் தொட்டுப் பார்த்தார், உள்ளங்கையால். "அப்படி இல்ல தம்பி, புறங்கையால" என்றார் அப்பா.

மூலையில் ஒரு அண்ணன் எங்கள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ரெண்டு பேருக்குப் பதினெட்டுத் தட்டு, அது போக கிண்ணங்கள். அன்றைக்கு ஆறு மேசை நிறைந்திருந்தது. அப்பா கோட்டுப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து, அவர் கை ஈரமாக இருந்ததால் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தார்.