முதல் ஊசியில் மயங்கி விழுந்த மகள்: இரண்டாவது ஊசிக்கு எப்படிக் கூட்டிப்போவது?

கேள்வி (2022 தொடக்கத்தில் வந்தது): என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 2022 ஜனவரியில் பள்ளியிலேயே கொரோனா தடுப்பூசியான கோவாக்சின் முதல் ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டு எழுந்து நாலடி நடந்தவள் கண் இருட்டி விழுந்துவிட்டாள். கை கால் இரண்டு மூன்று முறை வெட்டியதும், வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்து, உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற மூன்று பெண்களுக்குத் தலைசுற்றல், மூச்சுத்திணறல். டாக்டர் இ.சி.ஜி. நார்மல் என்றார். அடுத்த ஊசி நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். மாமியார் போடவே வேண்டாம் என்கிறார். இது அலர்ஜியா? போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அலர்ஜி இல்லை, வலிப்பும் இல்லை. ஊசி பயத்தில் வரும் சாதாரண மயக்கம். ஊசியை, ரத்தத்தைப் பார்த்ததும் சிலருக்கு முதலில் இதயம் வேகமாகத் துடிக்கும். அடுத்த சில நொடிகளில் நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தமும் இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் ஆள் விழுவார். அந்தச் சில நொடிகளில் கை கால் வெட்டுவது சகஜம். இரும்புச் சாவி இதற்கு ஒன்றும் செய்யாது. உட்காரவைத்ததுதான் தவறு. தலை மேலே இருக்கும்வரை மூளைக்கு ரத்தம் போகத் தாமதமாகும். தரையில் படுக்கவைத்துக் காலை ஓரடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். முழுதாகத் தெளியும்வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

அலர்ஜி வேறு மாதிரி வரும். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், உதடும் கண்ணிமையும் வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சில் விசில் சத்தம் கேட்கும், வாந்தி வரும், நாடி வேகமாக ஓடும். மயக்கத்தில் முகம் வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாகும், படுத்தால் சரியாகும். கடுமையான அலர்ஜியில் படுக்கவைத்தால் மட்டும் சரியாகாது. உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அது தடுப்பூசி மையத்தில் கைவசம் இருக்க வேண்டும். போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வரிசையில் நின்ற மூன்று பேருக்கு நடந்தது இன்னொன்று. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். அதனால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும், கை விரல்கள் இழுத்துக்கொள்ளும், மூச்சு போதவில்லை என்றே தோன்றும். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை. அறிகுறிகள் உண்மை, காரணம் மருந்து இல்லை, அவ்வளவுதான். 1998இல் ஜோர்டானில் டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி போட்டபின் பள்ளிப் பிள்ளைகள் 800க்கும் மேற்பட்டோர் அதனால் பாதிப்பு வந்ததாகச் சொன்னார்கள், 122 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் பதற்றம். 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐந்து கொரோனா தடுப்பூசி மையங்களில் 8,624 பேருக்கு ஊசி போட்டதில் 64 பேருக்கு இப்படிப் பதற்றம் சார்ந்த தொந்தரவுகள் வந்தன. அதில் 17 பேர் மயங்கினார்கள். உங்கள் மகள் "என்னாலதான் எல்லாரும் விழுந்தாங்க" என்று மனதில் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இல்லை என்பதை வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஊசியைப் போடலாம். அதற்கு முன் டாக்டரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: மயக்கம் சில நிமிடத்துக்கு மேல் நீடித்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டாளா, தெளிந்தபின் வெகுநேரம் குழம்பிப் பேசினாளா, ஓடும்போதோ விளையாடும்போதோ முன்பு மயங்கியிருக்கிறாளா. குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் பரிசோதனை முடிந்தபின்தான் ஊசி.

இதயத்தைப் பற்றிய பயம் வாட்ஸப் வழியாக வந்திருக்கலாம். இதயத் தசை அழற்சி என்று அதிகம் பேசப்படுவது எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளை (ஃபைசர், மாடர்னா) ஒட்டி, அதுவும் அபூர்வமாக, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு. கோவாக்சின் அந்த வகை அல்ல, செயலிழக்கச் செய்த வைரஸ். ஆனாலும் எந்த ஊசிக்குப் பிறகும் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் வந்தால் டாக்டரிடம் காட்டுவதில் தயங்க வேண்டாம்.

இனி தயாரிப்பு. "ரிலாக்ஸாக இரு, உடம்பைத் தளர்த்து" என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. மயங்கி விழும் வகையினருக்கு அது தலைகீழ். ஏற்கெனவே இறங்கப்போகும் ரத்த அழுத்தம், தளர்த்தினால் இன்னும் இறங்கும். இவர்கள் தசையை இறுக்க வேண்டும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் உருவாக்கிய பயிற்சி இது. நாற்காலியில் உட்கார்ந்து தொடை, வயிறு, கை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, சுமார் 10 முதல் 15 நொடி. பிறகு விட வேண்டும், ஆனால் முழுதாகத் துவண்டுவிடாமல் சாதாரண நிலைக்கு வந்தால் போதும். 20, 30 நொடி கழித்து மறுபடி. ஐந்து தடவை ஒரு சுற்று. ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சில சுற்று பழகினால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். இறுக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. தலைவலி வந்தால் அளவுக்கு மீறி இறுக்குகிறாள் என்று அர்த்தம். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விட்டு, கால்களையும் மற்றக் கையையும் இறுக்கச் சொல்லுங்கள். இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும்.

மூச்சுப் பயிற்சி படபடப்பு வகைக்குத்தான் பொருந்தும், அந்த மூன்று பெண்களுக்கு உதவும். உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6 எண்ணிக்கை, மூக்கு வழியாக. ஆழமாக இழுக்க வேண்டாம், மெதுவாக விட்டால் போதும். பிளாஸ்டிக் பைக்குள் மூச்சு விடச் சொல்வது ஆபத்து.

அன்று வெறும் வயிற்றில் போகக் கூடாது. காலையில் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, அரை மணி முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். பள்ளிக் கூட்டத்தில் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப்போங்கள். செவிலியரிடம் முதலிலேயே "போன தடவை மயங்கினாள், படுக்கவைத்துப் போடுங்கள்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, முன்பு மயங்கியவரைப் படுக்கவைத்துப் போடுவதே பாதுகாப்பு. வரிசையில் அதிக நேரம் காத்திருக்க வைக்க வேண்டாம், மற்றவருக்குப் போடுவதைப் பார்க்கவும் வேண்டாம். ஊசி அரை மில்லிதான், சில நொடியில் முடிந்துவிடும். போட்டபின் 15 நிமிடமாவது படுத்திருந்து, பிறகு உட்கார்ந்து, மொத்தம் அரை மணி கழித்து எழட்டும். போன தடவை விழுந்தது எழுந்து நடந்தபோதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்ததும் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். "ஒரு குத்து தெரியும், எண்ணி முடிப்பதற்குள் போய்விடும், இரவு கை கனக்கலாம், காய்ச்சல் வரலாம்" என்பது போதும். அதற்கு மேல் பக்கவிளைவுப் பட்டியலை வாசித்துக் காட்டவும் வேண்டாம். 2022 ஜனவரியில் வெளியான ஒரு தொகுப்பாய்வில், 12 கொரோனா தடுப்பூசி ஆய்வுகளில் தடுப்பு மருந்தே இல்லாத ஊசி போட்டவர்களிலும் 35 விழுக்காட்டினர் முதல் டோஸுக்குப் பின் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்ப்பும் உடம்பைப் படுத்தும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று; வருமுன் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்துக் கடையில் படபடப்புக்கு என்று புரோப்ரனலால் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை அது. மயங்குபவருக்கு நேர் எதிரானது, ஆஸ்துமா இருந்தால் ஆபத்தும்கூட. அல்ப்ராசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும் டாக்டர் சொல்லாமல் கூடாது. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் ஊசிக்காக அதை நிறுத்தக் கூடாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

அன்றைக்கு வாசலிலேயே அழுதால் கையைப் பிடித்து அமுக்கிப் போடாதீர்கள். பயம் வாழ்நாளுக்கும் தங்கிவிடும். திரும்பி வந்து, பத்து நாள் பயிற்சிக்குப் பின் போகலாம். கோவாக்சின் இரண்டாவது டோஸ் 28 நாளில் தொடங்கி ஆறு வாரத்துக்குள் போடச் சொன்னாலும், தாமதமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாமியாரிடமும் இதையே சொல்லலாம்: "போடவே வேண்டாம்" என்பதற்குப் பதில் "இப்போது வேண்டாம், தயாரானதும்".

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ அது ஊசிப் பிரச்சினை மட்டுமல்ல. கொரோனா ஊரடங்குக் காலத்தில் பல பிள்ளைகள் இந்த நிலையில் இருந்தார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 104 எண்ணில் அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். போன தடவை நடந்ததை எதிர்விளைவுப் படிவத்தில் பதிந்திருக்கிறார்களா என்று சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள். "மயக்கம்" என்று அதில் எழுதியிருந்தால், பின்னாளில் வேறு ஊசி போடும்போது "தடுப்பூசி அலர்ஜி" என்று தவறாகச் சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.