டெபாசிட் இழந்த பாட்டில்

கேள்வி: மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். அதே போலத் தண்ணீர் பாட்டிலுக்கும் டெபாசிட் வாங்க வேண்டும் என்று சிலரும், அது தாகத்தின் மேல் போடும் வரி என்று சிலரும் பேசுகிறார்கள். பிளாஸ்டிக் தடையால் நீலகிரிக்கு ஏறும் வண்டிகளிலிருந்து இறக்கப்படும் பாட்டில்களை அன்றாடம் பார்க்கும் ஊர் எங்களுடையது. மக்கள் இதை ஏற்பார்களா?
– ஒரு வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: மக்கள் ஏற்பார்களா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'டெபாசிட்' என்ற சொல். தமிழ்நாட்டில் இந்தச் சொல் தனியாக வெளியே வருவதில்லை. 'போயிற்று', 'பறிபோனது', 'காலி' ஆகிய மூன்றில் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நண்பர் அதை 'வைப்புத்தொகை' என்று திருத்துவார். நான் மறுபடியும் 'டெபாசிட்' ஆக்குவேன். பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்தச் சண்டையில் நான் சொல்லும் நியாயம் ஒன்றே: வைப்புத்தொகை என்றால் வங்கியில் வட்டியோடு வளர்வது; டெபாசிட் என்றால் திரும்பி வருமோ வராதோ என்று நாம் கவலைப்படுவது. இலங்கைத் தமிழர் தேர்தல் செய்திகளில் 'கட்டுப்பணம்' என்று எழுதுகிறார்கள். அதுதான் நல்ல சொல். கட்டிவைத்த பணம், ஒழுங்காக நடந்துகொண்டால் அவிழ்த்துவிடப்படும் பணம் என்ற இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. நண்பர் அதற்கும் உடன்படவில்லை.

கட்டுப்பணத்தைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஏனென்றால் அதன் மிகப் பெரிய சோதனை நம் மொடக்குறிச்சியில்தான் நடந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்பதைக் காட்டக் கண்டுபிடித்த வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது சட்டமன்ற வேட்பாளருக்கான கட்டுப்பணம் வெறும் 250 ரூபாய். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவருக்கு அது திரும்பாது என்பது அந்த ஆயிரம் பேருக்கும் தெரிந்தே இருந்தது, இழப்பதற்கென்றே கட்டினார்கள். அதே ஆண்டில் அந்தத் தொகை 5,000 ஆயிற்று, இன்று 10,000 ஆக இருக்கிறது. இழந்தால் உறைக்காத கட்டுப்பணம் யாரையும் தடுக்காது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த ஆய்வும் நிறுவ முடியாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதே பாடத்தைப் படித்து முடிக்க 46 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பானப் பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் கட்டுப்பணச் சட்டம் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் அது. ஆண்டு 1971, தொகை 5 சென்ட். பீரும் சோடாவும் மட்டும் அதில் சேர்க்கப்பட்டன, தண்ணீர் சேரவில்லை. தண்ணீரைத் தவிர்க்க வேண்டும் என்று அன்று யாரும் வாதாடவில்லை. தண்ணீரை பாட்டிலில் அடைத்து அந்த அளவுக்கு விற்க முடியும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவேயில்லை. 2009இல்தான் அங்கே தண்ணீர் பாட்டிலும் பட்டியலில் ஏறியது. திரும்பி வரும் பாட்டில்களின் அளவு தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தொகை இரட்டிப்பாகும் என்று ஒரு விதியும் இருந்தது. அளவு அப்படியே கீழே போயிற்று, 2017 ஏப்ரலில் 5 சென்ட் 10 சென்ட் ஆனது. 1971இல் ஒருவரைக் குனிந்து பாட்டிலை எடுக்கவைத்த 5 சென்ட், நாற்பத்தாறு ஆண்டுகளில் குனிந்து எடுக்கத் தகாத காசாகிவிட்டிருந்தது.

இனி, நம்மில் பலர் கட்டியிருக்கும் இன்னொரு கட்டுப்பணத்துக்கு வருகிறேன். சென்னையில் வாடகை வீட்டுக்குப் போனவர்கள் அதை 'அட்வான்ஸ்' என்பார்கள். பத்து மாத வாடகையைக் கொடுத்துக் குடியேறி, காலி செய்யும் நாளில் ஒரு மாத வாடகை வெள்ளையடிக்க என்றும், ஆணியடித்த சுவருக்கு இவ்வளவு என்றும், நாம் வந்த நாளிலிருந்தே ஒழுகிய குழாய்க்கு இவ்வளவு என்றும் கழித்துக்கொள்ளப்பட்டு, மீதத்தை 'அடுத்த குடித்தனம் வந்ததும்' வாங்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கமாட்டார்கள். நானும் ஒரு முறை அப்படி வாங்கிக்கொள்ளப் போய், நான்காவது நடையோடு நிறுத்திக்கொண்டேன். இங்கே தொகை சிறியதல்ல, நன்றாகவே உறைக்கும். ஆனாலும் அது முழுதாகத் திரும்புவதில்லை. காரணம், திருப்பித் தராவிட்டால் இலாபம் யாருக்கோ அவரிடமே பணம் இருக்கிறது.

தண்ணீர் பாட்டில் விவாதத்தின் உயிர்நிலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். பத்து ரூபாயா, ஐந்து ரூபாயா என்று கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். திரும்பி வராத பாட்டிலின் பணம் யாரிடம் தங்கும் என்று கேட்பவரைக் காணோம். நியூயார்க் மாநிலத்தில் 1980களிலிருந்து பீருக்கும் சோடாவுக்கும் கட்டுப்பணம் உண்டு. வாங்கப்படாமல் கிடந்த பணம் கம்பெனிகளிடமே இருந்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தித் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து, கேட்பாரற்ற பணத்தில் 80 சதவீதம் அரசுக்குச் சேர வேண்டும் என்று எழுதினார்கள். தண்ணீர் விற்பவர்கள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். ஜூனில் வரவேண்டிய சட்டம் அக்டோபர் 31 வரை தள்ளிப்போனது. பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸ் 2014இல் இதை மக்களிடமே வாக்குக்கு விட்டது. தண்ணீர் பாட்டிலுக்கும் கட்டுப்பணத்தை விரிவாக்கலாமா என்ற அந்தக் கேள்விக்கு, பான நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த எதிர்ப் பிரசாரத்துக்குப் பிறகு, நூற்றுக்கு 73 பேர் வேண்டாம் என்றார்கள். நம் தேர்தல் கணக்கில் அந்தத் தீர்மானம் டெபாசிட்டைத் தக்கவைத்துக்கொண்டு தோற்றது. ஆக, 'மக்கள் ஏற்பார்களா' என்ற உங்கள் கேள்விக்கு ஒரு விடை: கேட்கிற விதத்தையும், கேட்பவருக்கு முன்னால் யார் போய்ப் பேசினார்கள் என்பதையும் பொறுத்தது.

இதற்கு எதிராக ஜெர்மனியைக் காட்டுவார்கள்; நியாயமான எதிர்வாதம்தான். அங்கே 2003 ஜனவரி முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்குக் கட்டுப்பணம் உண்டு, இன்று அது 25 யூரோ சென்ட். வாங்கப்படாத பணம் அரசுக்குப் போவதில்லை, கம்பெனிகளிடமே தங்குகிறது. ஆனாலும் ஏறக்குறைய எல்லா பாட்டில்களும் திரும்பி வந்துவிடுகின்றன. எப்படி என்றால், முதல் மூன்று ஆண்டுகள் பெரிய கடைகள் சில தங்களுக்கென்று தனி வடிவத்தில் பாட்டில் செய்து, 'எங்களிடம் வாங்கியதை எங்களிடமே கொடு' என்று தப்பித்துக்கொண்டிருந்தன. 2006 மே மாதத்தோடு அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பிளாஸ்டிக் பாட்டில் விற்கும் பெரிய கடை எதுவும், அந்த பாட்டில் எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கப்பட்டதாக இருந்தாலும், வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தாக வேண்டும். பணம் விற்பவரிடம் இருக்கலாம், ஆனால் கதவைச் சாத்தும் உரிமை அவரிடம் இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே செய்த ஏற்பாடு.

இந்தக் கதவு விஷயத்தில்தான் மதுக்கடை உதாரணத்தை அப்படியே தண்ணீருக்குத் தூக்கி வைக்க முடியாது. காட்டில் எறியப்படும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தியதால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய அந்தத் திட்டம், பின்னர் பிற மாவட்டங்களுக்கும் போனது. கடைப் பணியாளர்கள் ஒட்டுத்தாள் ஒட்டுவது யார், காலி பாட்டிலை அடுக்குவது எங்கே என்று முணுமுணுத்தார்கள், போராடவும் செய்தார்கள், ஆனாலும் நடக்கிறது. நடப்பதற்கு எளிய காரணம், விற்பவர் ஒருவரே. மாநிலம் முழுவதும் ஒரே கடை, ஒரே முதலாளி. குடிப்பவரும் பெரும்பாலும் கடையை விட்டு வெகுதூரம் போவதில்லை. தண்ணீர் பாட்டில் அப்படியா? உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கி, பர்லியாறில் பாதியும் குன்னூரில் மீதியும் குடித்து, வழிச் சோதனையில் சிக்காவிட்டால் ஊட்டியில் எறியப்படுவது அது. எறிந்தவர் மேட்டுப்பாளையத்துப் பெட்டிக்கடையைத் தேடிக்கொண்டு பத்து ரூபாய்க்காக வரமாட்டார். மகாராஷ்டிரம் 2018 மார்ச்சில் பிளாஸ்டிக் தடையோடு சேர்த்து, ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 1 ரூபாயும் அரை லிட்டருக்கு 2 ரூபாயும் திரும்பப் பெறும் விலையாக அச்சிட வேண்டும் என்று அறிவித்தது. சின்ன பாட்டிலுக்குப் பெரிய தொகை என்பது பார்க்கத் தலைகீழாகத் தோன்றினாலும், எளிதில் தொலைவது சின்னதுதான் என்று யோசித்தவர் அங்கே இருந்திருக்கிறார். ஆனால் எந்தக் கடை வாங்கும், வாங்கியதை எங்கே வைக்கும் என்பதில் வண்டி நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. கையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் ஒட்டுத்தாளைப் படித்துப் பாருங்கள். குடித்து முடித்தபின் நசுக்கிவிடுங்கள் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரை நிரப்பி விற்பவர்களுக்குப் பயந்து எழுதிய வாசகம். கட்டுப்பணம் வந்தால், நசுக்காமல் கொண்டுவாருங்கள் என்று அதே இடத்தில் எழுத வேண்டும். ஒன்றைச் சொல்லி இத்தனை ஆண்டுகள் பழக்கிவிட்டு, இனி அதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டும்.

தாகத்தின் மேல் வரி என்கிறவர்களுக்கு: திரும்பி வரும் பணம் வரியாகாது, திரும்பி வராதபோது ஆகும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலோடு பிடிபட்டால் 20 ரூபாய் என்று 2024இல் வைத்தார்களே, அது வரி, கொடுத்தது கொடுத்ததுதான். ஏழைக்காகப் பேசுகிறவர்கள், அவர் ஏன் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் நிலையில் இருக்கிறார், பேருந்து நிலையத்துக் குழாய் ஏன் வறண்டிருக்கிறது என்று பேசினால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். (அந்தத் தண்ணீரை 'மினரல் வாட்டர்' என்று எழுதும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பெரும்பாலும் அது சுத்திகரித்து அடைத்த குடிநீர், இயற்கைக் கனிம நீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வேறு எண் கொடுத்திருக்கிறது.) இன்னொரு ஏழை இருக்கிறார், அவரை இரு தரப்பும் மறந்துவிட்டன. விடியுமுன் சாக்குப் பையோடு பாட்டில் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால் ஒரு நாள் கூலி அவருக்கு ஒரு தெருவிலேயே கிடைத்துவிடும். ஜெர்மனியில் காலி பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல், எடுப்பவர் கையை விட்டுக் கிளற வேண்டாம் என்று தொட்டியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரசீது காட்டினால்தான் பணம், வாங்கியவருக்கே பணம் என்று நம் அதிகாரிகள் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், அவர் சாக்குப் பையில் இருப்பது பழையபடி எடைக்குத்தான் போகும். திட்ட வரைவு உங்கள் பார்வைக்கு வந்தால் முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மக்கள் ஏற்பார்களா என்றீர்கள். ஏற்றுப் பல காலம் ஆகிறது. இருபது லிட்டர் கேனுக்கு நாம் எல்லோரும் கட்டுப்பணம் கட்டியிருக்கிறோம். யாரும் வரி என்று முழங்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போகவில்லை. தெருவோரத்தில், கால்வாயில், காட்டில் எங்கேயாவது இருபது லிட்டர் கேன் அநாதையாகக் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒன்று இருக்கிறது. கேன் போட்டுக்கொண்டிருந்த தம்பி 150 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தது. அவர் தொழிலை விட்டு ஊருக்குப் போய்விட்டார், புதிதாக வந்தவர் தன்னுடைய கேனைத் தவிர வேறு கேனைத் தொடமாட்டேன் என்கிறார். வீட்டில் அதைத் தூக்கி எறியச் சொல்லி மூன்று தீபாவளிகள் ஆகிவிட்டன. எறிய மனம் வரவில்லை.