மாநில அரசு தனக்கு வேண்டியவர்களுக்கே கான்ட்ராக்ட் கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா?

பாதி முடியும். தமிழ்நாட்டில் அந்தப் பாதி நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அப்பா சின்ன ரோடு கான்ட்ராக்டர். தொண்ணூறுகளில் டெண்டர் நாளன்று அவரோடு போவேன். பெட்டி வைத்திருக்கும் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். "அண்ணே, இது பேசி முடிச்ச வேலை. அடுத்ததுல பாத்துக்கலாம்" என்பார்கள், மரியாதையாகத்தான். சட்டைக்குள் வைத்திருந்த கவர் வியர்வையில் ஊறிப்போக, அப்பா அதைப் பெட்டியில் போடாமலே திரும்பி நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது, 2000இல் அதன் விதிகள். 2 கோடி வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் போனால் 30 நாள். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். பிற்பாடு இணையத்திலேயே டெண்டர் போடும் இ-டெண்டரும் வர, வாசலில் ஆள் நிறுத்துவது வீண் வேலையாகிவிட்டது. இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாசலில் நின்ற அதிகாரம் நிபந்தனைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் தொழிலுக்கு வந்தபின் ஒரு டெண்டரில், இடத்தை நேரில் பார்த்ததாகப் பொறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் கேட்டார்கள். மூன்று நாள் அலைந்தேன். "சார் சைட்டுக்குப் போயிருக்கார்." நாலாம் நாள் கெடு முடிந்தது. இன்னொரு வழி, பத்துச் சின்ன ரோடுகளை ஒரே பேக்கேஜாகக் கட்டிவிடுவது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த அளவு வேலை செய்த முன்னனுபவம் எங்கே இருக்கும்?

தனியார் முதலாளி தன் இஷ்டப்படி ஆள் பார்த்துக் கொடுப்பதுபோல் அரசு கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1979லேயே விமான நிலைய ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் படியேற, சின்னக் கான்ட்ராக்டருக்குக் காசும் இல்லை, நாளும் இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் மாற்ற வேண்டியது அந்த 1998 சட்டத்தின் 11ஆம் பிரிவு. டெண்டர் முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அது. யாரிடம்? அதே அரசிடம். அரசுக்குக் கட்டுப்படாத ஒரு தீர்ப்பாயத்திடம் அந்த மனு போக வேண்டும். நிபந்தனை நியாயமா என்ற கேள்வியையும், டெண்டர் திறப்பதற்கு முன்பே, அங்கே கேட்க முடிய வேண்டும்.